ரொறன்ரோக் குளிருக்கு யன்னல் காப்புப் படலம்: எங்கே உதவும், எங்கே உதவாது

நவம்பர் பிறந்ததும் ரொறன்ரோக் கடைகளில் பனி அள்ளும் சவள்களுக்கும் உப்புப் பைகளுக்கும் பக்கத்தில் யன்னல் காப்புப் படலப் பொதிகளை அடுக்கிவிடுவார்கள். ஐந்து யன்னல்களுக்கான பொதியை நான் 30 டொலருக்குள் வாங்கினேன். குளிர்காலத்தில் வாடகை வீடுகளின் உள்வெப்பம் 21 பாகை செல்சியசுக்குக் குறையக் கூடாது என்று மாநகர விதி சொன்னாலும், தேய்ந்த அலுமினியச் சட்டமுள்ள பழைய யன்னலோரத்தில் கட்டில் போட்டுப் படுப்பவருக்கு அந்த 21 பாகை உடம்பில் தெரிவதில்லை. யன்னலையே மாற்றும் உரிமை இல்லாத அத்தகைய வாடகைக் குடியிருப்பாளருக்கு இது நல்ல பொருள் என்பதே என் மதிப்பீடு.

பொதிக்குள் இருப்பவை இரண்டுதான்: மடித்து வைத்த ஒரு மெல்லிய பிளாஸ்ரிக் படலம், இருபுறமும் ஒட்டும் நாடாச் சுருள் ஒன்று. கண்ணாடிக்கும் படலத்துக்கும் இடையில் அசையாமல் அடைபடும் காற்றே குளிரைத் தடுக்கிறது. சட்ட இடுக்குகளால் நுழையும் காற்றும் அறைக்குள் வராமல் அங்கேயே நின்றுவிடுகிறது. எந்த யன்னலுக்கு இது தேவை என்பதை அறிய, காற்று பலமாக வீசும் நாளில் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திச் சட்டத்தின் ஓரமாக மெல்ல நகர்த்தினால் போதும். புகை நேரே எழும்பாமல் அறைப்பக்கம் சாயும் இடத்தில் ஒழுக்கு இருக்கிறது.

ஒட்டும் வேலையில் அவசரம் உதவாது. சட்டத்தை மதுசாரத்தால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பின்னரே நாடாவை நான்கு பக்கமும் ஒட்ட வேண்டும். ஈரமோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் ஜனவரிக் குளிரில் அது கழன்று வரும். படலத்தை மேல் விளிம்பிலிருந்து தொடங்கி ஒட்டி இறக்கும்போது எங்கும் சுருக்கமாக, மலிவான வேலை போலவே தெரியும். பிறகு தலைமுடி உலர்த்தியை அதிக சூட்டில் வைத்து, படலத்தைத் தொடாமல் மூலையிலிருந்து நடுப்பக்கமாக நகர்த்திக்கொண்டு போனால், சுருக்கங்கள் ஒவ்வொன்றாக இழுபட்டு மறைந்து, மத்தளத் தோல் போல அது விறைத்துக்கொள்ளும். இரண்டடி தள்ளி நின்று பார்ப்பவருக்குப் படலம் இருப்பதே தெரியாது.

குளிர் குறைவதைவிட, கண்ணாடியில் நீர் வழிவது நின்றதையே நான் பெரிய பயனாகக் கருதுகிறேன். சோறு வடித்து, இடியப்பம் அவித்து, குளித்து, துணியையும் உள்ளேயே காயப்போடும் நம் வீடுகளில் நீராவிக்குக் குறைவில்லை. அது குளிர்ந்த கண்ணாடியில் பட்டு நீராகி, அடிக்கட்டையில் தேங்கி, மாசி மாதத்துக்குள் கரும்பூஞ்சணமாகிவிடுகிறது. படலம் அந்த ஈரக்காற்றைக் கண்ணாடியிடம் போகவிடுவதில்லை. படலத்துக்கு உட்புறம், கண்ணாடியில், மீண்டும் நீர் படியக் கண்டால் நாடா எங்கோ விட்டிருக்கிறது என்று கொள்ளலாம். அந்த இடத்தைத் தேடி அழுத்திவிட வேண்டும்.

குறைகளும் உண்டு. ஒட்டிய யன்னலை ஏப்ரல் வரை திறக்க முடியாது என்பதால் சமையலறை யன்னலுக்கு இது ஏற்றதல்ல. தீ விபத்தின்போது வெளியேறும் வழியாக உள்ள நிலக்கீழ் அறை யன்னலை எக்காரணம் கொண்டும் இதனால் மூடக் கூடாது. வாடகைக்கு விடுபவர்கள் இதைச் சொல்லிக் கொடுப்பதும் அவர்கள் கடமைதான். யன்னற் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையிலான வெடிப்பால் காற்று வந்தால் படலம் பயன்படாது. அதற்கு அடைப்புப் பசைதான் மருந்து. இறுக்கமான இரட்டைக் கண்ணாடி யன்னல் உள்ள புதிய வீட்டுக்காரர்கள் இதற்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை.

பொதியில் பலவீனமான பகுதி நாடாதான். நான் வாங்கியதில் அது கடைசி யன்னலுக்குப் போதாமற் போயிற்று. தரமான நாடாச் சுருள் ஒன்றைத் தனியே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. வசந்தத்தில் கழற்றும்போது வெறுமனே பிடித்து இழுத்தால் சட்டத்தின் வண்ணப்பூச்சும் சேர்ந்து உரியும். அதே உலர்த்தியால் நாடாவைச் சூடாக்கிப் பசை இளகிய பின் மெதுவாக உரித்தால் பூச்சு பெரும்பாலும் தப்பிவிடும். எஞ்சும் பிசினை மதுசாரம் தோய்த்த துணியால் துடைத்துவிடலாம்.