ஏழு கிலோவும் ஒரு கட்டைப்பையும்

நியூஜெர்சியிலிருந்து சென்னை வந்தது, 23 கிலோ பெட்டிகள் இரண்டையும் தாம்பரத்தில் சித்தி வீட்டில் போட்டுவிட்டு ஊருக்குப் போனது, ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்து, எதிலும் குறையில்லை. நான் சொல்ல வந்தது, தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குத் திரும்பும்போது என் முதுகுப்பை பட்ட பாட்டை.

பை 45 லிட்டர். மலையேறப் போகிறவர்கள் மாட்டும் ரகம், இடுப்புக்கு ஒரு வார், உள்ளே அலுமினியக் கம்பி. வெறும் பையே இரண்டு கிலோ. அமெரிக்காவில் உள்ளூர் விமானங்களில் இதை எத்தனையோ தடவை ஏற்றியிருக்கிறேன். அங்கே பெரிய நிறுவனங்கள் அளவைத்தான் பார்க்கும், 22க்கு 14க்கு 9 அங்குலம். உள்ளே அம்மிக்கல்லே இருந்தாலும் தூக்கி மேலே வைக்க முடிந்தால் சரி. இடம் இல்லாவிட்டால் வாசலில் வாங்கிக் கீழே போட்டுவிடுவார்கள். நம் ஊர்க் கணக்கு நீளம், அகலம், உயரம் கூட்டி 115 சென்டிமீட்டர். அதிலும் என் பை பாஸ்தான். ஆனால் எடை 7 கிலோ. அதை நான் சுத்தமாக மறந்துபோனேன்.

பைக்குள் இரண்டு கிலோ மக்ரூன். தூத்துக்குடிக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்கு: முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரிப்பருப்பு, மீதியெல்லாம் காற்று. பெட்டியில் போட்டுக் கீழே அனுப்பினால் இறங்கும்போது பொடிதான் மிஞ்சும். முன்பெல்லாம் முத்துநகர் எக்ஸ்பிரஸில் பெட்டியைக் கீழ் பெர்த்துக்கு அடியில் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு, மக்ரூன் டப்பாவைத் தலைமாட்டில் வைத்துப் படுப்போம். விடிந்து எழும்பூரில் இறங்கும்போது ஒரு நுனிகூட உடைந்திருக்காது. ரயில்வேயில் யார் டப்பாவை எடை போட்டார்கள்? இந்தத் தடவை, லீவு குறைவு என்று விமானத்தைப் பிடித்தது என் புத்தி.

கவுண்டரில் இருந்த பெண் சிரித்த முகமாக, "சார், அந்த பேக்கையும் மெஷின்ல வைங்க" என்றார். வைத்தேன். 10.2. "ஏழுதான் சார் அலவ்டு." செக்-இன்னுக்கு உள்ள 15 கிலோவைக் கருப்பட்டியும் மதினி கட்டிக் கொடுத்த சீர் முறுக்கும் ஏற்கெனவே அடைத்துவிட்டன. கூடுதல் எடைக்குக் காசு கட்டலாம், மக்ரூனுக்கு யார் பொறுப்பு?

ஓரமாகக் குத்தவைத்துப் பையைப் பிரித்தேன். வார்கள் எட்டுக்கால் பூச்சி மாதிரி விரிந்து கிடந்தன. நியூஜெர்சிக் குளிருக்கு வைத்திருந்த ஜாக்கெட்டைத் தூத்துக்குடி வெயிலில் மாட்டிக்கொண்டு, சார்ஜரை அதன் பாக்கெட்டில் திணித்தேன். அப்படியும் குறையவில்லை. பின்னால் நின்ற ஓர் அம்மா இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், "தம்பி, அந்த மக்ரூனக் கையில வச்சுக்கிடுங்க. கையில இருக்கத யாரு கணக்கு பாக்கா?" என்று, தன் கட்டைப்பைக்குள்ளிருந்து மடித்த இன்னொரு கட்டைப்பையை எடுத்து நீட்டினார். ஜவுளிக்கடைப் பை, ஒரு காது தேய்ந்திருந்தது. மக்ரூன் அதற்குள் போயிற்று. கூடவே இரண்டு புத்தகமும் செருப்பும் போயின.

மறுபடி மெஷின். 6.9. அந்தப் பெண் கட்டைப்பையைப் பார்த்தார், ஜாக்கெட்டைப் பார்த்தார், "ஓகே சார்" என்றார்.

அதே ஆள், அதே சாமான், அதே விமானம். முதுகில் இருந்தால் லக்கேஜ், கையில் தொங்கினால் பலகாரம்! ஒரு கைப்பைதான் என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள். அந்த வரிசையில் கட்டைப்பை இல்லாமல் வந்தவன் நான் ஒருத்தன்தான்.

சரி, தப்பித்தோம் என்று பார்த்தால், வெளியே நின்றது ஏடிஆர் விமானம். இறக்கைக்கு ஒரு விசிறி, ஏறும் வாசல் பின்பக்கம், பெட்டிகள் போகும் அறை முன்பக்கம். தலைக்கு மேலே இருக்கும் தட்டு நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது. கம்பி வைத்த பை அதில் எப்படிப் போகும்? பணிப்பெண் நேராக வைத்துப் பார்த்தார், படுக்க வைத்துப் பார்த்தார், முழங்கையால் ஓர் அமுக்கு அமுக்கினார். "சார், இத கீழ அனுப்பிடலாம். பவர் பேங்க் இருந்தா மட்டும் எடுத்துருங்க." லித்தியம் பேட்டரி சாமான் அறைக்குப் போகக் கூடாது, நியாயம்தான். ஆனால் பவர் பேங்க் இருந்ததோ பையின் அடிமட்டத்தில், அப்பாவின் பழைய வேட்டிக்குள். நடைவழியில் இரண்டாம் தடவை கடை பரப்பினேன். படியில் நின்றவர்களில் ஒருவர், "என்ன, வீட்டக் காலி பண்ணிட்டு வாறீகளோ?" என்றார்.

கவுண்டரில் வேர்த்து விறுவிறுத்து 6.9க்குக் கொண்டுவந்த பை, கடைசியில் காசில்லாமல் சாமான் அறையில் பறந்தது. யாரும் தடுக்காத கட்டைப்பை முன்சீட்டுக்கு அடியில். அதை உதைத்துவிடக் கூடாதே என்று சென்னை வரை காலை அகட்டியே உட்கார்ந்திருந்தேன்.

சென்னையில் இறங்கித் திறந்து பார்த்தேன். நாலைந்துக்குத்தான் நுனி போயிருந்தது. பெல்ட் பக்கம் நின்ற அந்த அம்மாவிடம் போய், டப்பாவை எப்படியாவது பைக்குள் திணித்துவிட்டுக் கட்டைப்பையைத் தந்துவிடுகிறேன் என்றேன்.

"வச்சுக்கிடுங்க தம்பி. வீட்ல நாப்பது கெடக்கு."