சினிமா, சீரியல் பெயர் போட்ட ஸ்லாட் தளத்தில் 1,840 பவுண்ட் போனது: லண்டனில் இருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

கோபத்தில்தான் எழுதுகிறேன், முன்னுக்குப் பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று காலைதான் அந்த ஆன்லைன் கேசினோவிடமிருந்து கடைசி மெயில் வந்தது. கணக்கு நிரந்தரமாக மூடப்பட்டதாம், இதுபற்றி மேற்கொண்டு எந்தக் கடிதத்துக்கும் பதில் தரமாட்டார்களாம். 1,840 பவுண்ட். கிடங்கில் நைட் ஷிஃப்ட் பார்த்துச் சேர்த்த காசு, பள்ளி லீவில் பிள்ளைகளோடு ஊருக்குப் போக டிக்கெட்டுக்கு என்று ஒதுக்கி வைத்தது.

தளத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பெயரை எழுதினால் நாலு பேர் தேடிப் போய்ப் பார்ப்பார்கள், அவர்களோ நாளைக்கே வேறு பெயரில் அதே கடையைத் திறந்துவிடுவார்கள். எப்படிப்பட்ட தளம் என்று சொல்கிறேன், அதை வைத்து அடையாளம் கண்டுகொள்ளுங்கள். வெளிநாட்டுத் தீவு ஒன்றின் லைசென்ஸ் முத்திரையை அடியில் ஒட்டிக்கொண்டு, பவுண்டில் பணம் வாங்கிக்கொண்டு, முகப்பு முழுக்கப் பிரபலமான படங்கள், சீரியல்கள், ராக் இசைக்குழுக்கள் பெயரில் ஸ்லாட் விளையாட்டுகளை (பணம் கட்டிப் பட்டனை அழுத்தினால் படங்கள் உள்ள ரீல்கள் சுழலும், ஒரே படங்கள் சேர்ந்து நின்றால் பணம்; ஒரு சுழற்சிதான் ஒரு ஸ்பின்) அடுக்கி வைத்திருக்கும் ஆன்லைன் கேசினோ. ஃபேஸ்புக்கில் விளம்பரமாக வந்தது.

நான் நம்பிய இடம் எது என்று தெளிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் உங்களையும் அதே இடத்தில்தான் பிடிப்பார்கள். உலகமே பார்த்த டிராகன் கதை சீரியல் ஒன்றின் ஸ்லாட்டைத் தட்டினேன். திறந்ததும் அதே டைட்டில் இசை. ரீலில் அதே முகங்கள், அதே வாள், அதே கொடிகள். திரையின் அடியில் பொடி எழுத்தில் ஸ்டூடியோவின் பெயரும் காப்புரிமை வரியும். அந்த ஒரு வரிதான். இவ்வளவு பெரிய ஸ்டூடியோ தன் பெயரைக் கண்டவர்களுக்குக் கொடுக்காது, வக்கீல்களைப் பார்த்து, ஒப்பந்தம் போட்டு, விசாரித்துத்தானே கொடுத்திருக்கும் என்று யாருக்குமே தோன்றும். அப்படித் தோன்றட்டும் என்றுதான் அதை அங்கே போட்டிருக்கிறார்கள்.

இந்த மாதிரி விளையாட்டுகள் நிஜமாகவே உண்டு என்பதுதான் இதில் பெரிய சிக்கல். 1996-இலேயே ஐஜிடி நிறுவனம் வீல் ஆஃப் ஃபார்ச்சூன் டிவி நிகழ்ச்சியை ஸ்லாட் மெஷினாக அமெரிக்க கேசினோக்களில் இறக்கியது. ஆன்லைனில் 2004-இல் மைக்ரோகேமிங் நிறுவனம் டூம் ரைடர் வீடியோ கேமை ஸ்லாட்டாகக் கொண்டுவந்தது. 2016-இல் ஸ்வீடனின் நெட்என்ட் நிறுவனம் ஒரே வருடத்தில் கன்ஸ் அண்ட் ரோசஸ், ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், மோட்டர்ஹெட் என்று மூன்று ராக் ஸ்லாட்டுகளை வெளியிட்டது. எல்லாம் முறையாக உரிமத்தொகை கட்டிச் செய்தவை. இங்கே பிரிட்டனில் லைசென்ஸ் உள்ள தளங்களில் நானே அவ்வப்போது ஐந்து, பத்து பவுண்ட் போட்டு ஆடியிருக்கிறேன், ஜெயித்த சின்னத் தொகை ஒழுங்காகக் கைக்கு வந்திருக்கிறது. ஆனால் ஸ்டூடியோ பெயரைக் கொடுப்பது விளையாட்டைச் செய்யும் கம்பெனிக்கு. அந்தக் கம்பெனி விளையாட்டைக் கொடுப்பது கேசினோவுக்கு. கேசினோ நமக்குப் பணத்தைத் தருமா தராதா என்பதற்கும் அந்த நடிகரின் முகத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. போதாக்குறைக்கு, விளையாட்டையே திருட்டு நகல் எடுத்துத் தங்கள் சர்வரில் ஓட்டும் தளங்களும் இருக்கின்றன. இதை யாரும் எந்த விளம்பரத்திலும் சொல்வதில்லை.

அப்புறம் வந்தார் "விஐபி மேனேஜர்". வாட்ஸ்அப்பில், தமிழில். "அண்ணா, சாப்டீங்களா? ஷிஃப்ட் முடிஞ்சுதா?" என்று ஆரம்பிப்பார். எந்த ஊர் என்று கேட்டு, எங்கள் ஊர்ப் பக்கத்து ஊர்தான் தன்னுடையது என்றார். "நம்ம ஆளுங்களுக்குன்னு தனியா ஒரு போனஸ் வச்சிருக்கேன் அண்ணா, வேற யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றார். 200 பவுண்ட் போட்டால் இன்னொரு 200 போனஸ். அந்த 200 பவுண்டை நாற்பது தடவை சுற்றவேண்டும் என்பது விதி. அதாவது 8,000 பவுண்டுக்குப் பந்தயம் கட்டின பிறகுதான் போனஸ் நம்முடையது ஆகும். விளையாட்டு நூற்றுக்கு 96 திருப்பித் தருவதாகவே வைத்துக்கொண்டாலும் 8,000-இல் சராசரியாக 320 பவுண்ட் கரைந்துபோகும். 200 கொடுத்து 320 எடுக்கும் கணக்கு இது, போனஸ் என்கிறார்கள்.

விளையாட்டு ஓடிய விதத்தையும் சொல்லவேண்டும். இங்கே சூதாட்ட ஆணையத்தின் விதிப்படி 2021 அக்டோபர் முடிவிலிருந்து ஆன்லைன் ஸ்லாட்டில் ஒரு ஸ்பின்னுக்குக் குறைந்தது இரண்டரை வினாடி ஆகவேண்டும், ஆட்டோபிளே (நாம் அழுத்தாமலே தானாகச் சுழன்றுகொண்டே இருப்பது) கூடாது, போட்டதைவிடக் குறைவாக வந்தால் ஜெயித்ததுபோல் ஆட்டம்பாட்டம் காட்டக்கூடாது. இந்தத் தளத்தில் எல்லாமே தலைகீழ். ஆட்டோபிளே பட்டன் பளபளவென்று மின்னிக்கொண்டே இருக்கும், ரீல் கண் இமைக்கும் முன் நின்றுவிடும். 2 பவுண்ட் போட்டு 60 பென்ஸ் வரும், உடனே டிராகன் வாயைப் பிளந்து தீயைக் கக்கும், நாணயங்கள் கொட்டும், திரை நடுவில் "வெற்றி" என்று பெரிய எழுத்து. 1.40 போய்விட்டது, ஆனால் காதில் கேட்பது வெற்றி முழக்கம். 2025 ஏப்ரலிலிருந்து இங்கே ஒரு ஸ்பின்னுக்கு உச்சவரம்பு 5 பவுண்ட், 25 வயதுக்குள் இருப்பவர்களுக்கு மே மாதத்திலிருந்து 2 பவுண்ட்தான். இவர்களிடம் 50 பவுண்ட் வரைக்கும் பட்டன் இருந்தது.

இப்படிப் போட்டுப் போட்டு என் கார்டிலிருந்து போன மொத்தம் 1,840 பவுண்ட். நடுவில் ஒரு இரவு நன்றாக விழுந்து கணக்கில் இரண்டாயிரத்துச் சொச்சம் காட்டியது. ஆடுவதை அன்றே நிறுத்திவிட்டு, லாபம்கூட வேண்டாம், போட்ட 1,840 பவுண்ட் வந்தால் போதும் என்று பணம் எடுக்க விண்ணப்பித்தேன். அன்றிலிருந்து ஆரம்பித்தது இழுத்தடிப்பு.

முதலில் பாஸ்போர்ட் கேட்டார்கள், கொடுத்தேன். முகவரிச் சான்று கேட்டார்கள், கவுன்சில் டாக்ஸ் பில் அனுப்பினேன். மூலை வெட்டுப்பட்டிருக்கிறது, மறுபடி அனுப்புங்கள் என்றார்கள். நான்கு மூலையும் தெரிய அனுப்பினேன். வெளிச்சம் பட்டு மங்கலாக இருக்கிறது என்றார்கள். பாஸ்போர்ட்டை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, அன்றைய தேதி எழுதிய தாளோடு செல்ஃபி கேட்டார்கள், அதையும் செய்தேன், பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க. சாட்டில் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பெயர், ஆனால் ஒரே வாக்கியம்: "உங்கள் பொறுமைக்கு நன்றி, உங்கள் கோரிக்கை சம்பந்தப்பட்ட பிரிவின் கவனத்தில் உள்ளது." எந்தப் பிரிவு, அதன் மெயில் என்ன என்று கேட்டால் சாட் துண்டாகிவிடும். பணம் காத்திருக்கும் பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு பட்டன், "ரத்து செய்து தொடர்ந்து விளையாடுங்கள்" என்று. இங்கே லைசென்ஸ் உள்ள தளங்களில் இதற்குத் தடை இருக்கிறது. அந்தப் பட்டனை நான் தொடவே இல்லை.

தமிழ் மேனேஜரிடம் கேட்டேன். "அண்ணா டென்ஷன் ஆகாதீங்க, வெள்ளிக்கிழமை வந்துடும்" என்றார். வெள்ளி போனது. "பேங்க் லீவு அண்ணா" என்றார். அப்புறம் "இன்னொரு 300 டெபாசிட் போட்டீங்கன்னா கணக்கு ஆக்டிவ்னு காட்டும், சீக்கிரம் ரிலீஸ் ஆகும்" என்றார். அப்போதுதான் சத்தம் போட்டேன். அதோடு நீலநிற டிக் வருவது நின்றுவிட்டது. சாப்பிட்டீர்களா என்று தினமும் கேட்ட ஆள்.

கடைசியில் காரணம் சொன்னார்கள்: போனஸ் நடப்பில் இருந்தபோது ஒரு ஸ்பின்னுக்கு அனுமதித்த தொகைக்கு மேல் போட்டுவிட்டேனாம், தவிர சினிமா பெயர் போட்ட விளையாட்டுகள் போனஸ் கணக்கில் சேராதாம், ஆகவே மொத்தமும் ரத்து. கவனியுங்கள், விளம்பரத்தில் காட்டியது அந்த விளையாட்டை, போனஸ் கொடுத்தது அதை ஆடச்சொல்லி, விதிகளின் அடியாழத்தில் எழுதியிருப்பது அது சேராது என்று. போட்ட 1,840 பவுண்டாவது என்னுடையதுதானே என்று கேட்டதற்கு வந்த பதில்தான் இன்று காலை வந்த மெயில்.

கோபத்தில் தோண்டிப் பார்த்தபோது தெரிந்தது இன்னொன்று. அந்தத் தளத்தில் மார்வெல் சூப்பர்ஹீரோ ஸ்லாட்டுகள் ஒரு வரிசை முழுக்க இருந்தன. மார்வெலை டிஸ்னி 2009-இல் வாங்கியது, அதன் பிறகு சூதாட்ட உரிமங்களை நீட்டிக்கவில்லை, பிளேடெக் என்ற கம்பெனி செய்த அந்த விளையாட்டுகள் 2017-இல் தளங்களிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டன. அப்படியானால் இவர்களிடம் ஓடிக்கொண்டிருப்பது என்ன? யார் கொடுத்தது? டிராகன் விளையாட்டும் அசலா நகலா என்று எப்படி நம்புவது? லைசென்ஸ் முத்திரையைச் சொடுக்கினால் அதே பக்கம்தான் மறுபடி திறக்கிறது, அது வெறும் படம். கார்டு ஸ்டேட்மெண்டில் கேசினோ பெயரே இல்லை, ஏதோ துணிக்கடை மாதிரி ஒரு பெயரில் எடுத்திருக்கிறார்கள். பேங்க்கில் புகார் கொடுத்திருக்கிறேன், வியாபாரத்தின் பெயரை மாற்றிக்காட்டிப் பணம் எடுத்தார்கள் என்பதைத்தான் முதலில் எழுதினேன். சூதாட்ட ஆணையத்துக்கும் தகவல் சொன்னேன், ஆனால் தனிப்பட்ட ஒருவரின் பணத்தை வாங்கித் தருவது அவர்கள் வேலை இல்லை, லைசென்ஸ் இல்லாத தளம் என்றால் கேட்டுத்தர வேறு நடுவரும் இல்லை.

என்ன செய்யவேண்டும் என்று விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது மனம் இல்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். பிரிட்டனில் இருப்பவர்கள் ஒரு பைசா போடும் முன் சூதாட்ட ஆணையத்தின் பொதுப் பதிவேட்டில் அந்தத் தளத்தின் பெயரைத் தேடுங்கள், இல்லை என்றால் மூடிவிடுங்கள். கிரெடிட் கார்டு வாங்குகிறார்கள் என்றாலே ஓடிவிடுங்கள், அது இங்கே 2020 ஏப்ரலிலிருந்து தடை. இந்தியாவில் இருப்பவர்களுக்கு, 2025 ஆகஸ்டில் வந்த சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டு எல்லாவற்றையுமே தடை செய்துவிட்டது, எந்த நடிகர் முகத்தோடு வந்தாலும் சரி. அங்கே பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அழையுங்கள். பாஸ்போர்ட் படம் அனுப்பியவர்கள் கார்டை முடக்கிப் புதிது வாங்குங்கள், கடன் அறிக்கையையும் பார்த்துக்கொண்டே இருங்கள். ஒன்று விட்டுப்போச்சு: நேற்று ஒருவர் எனக்கு மெசேஜ் செய்தார், 150 பவுண்ட் கட்டினால் 1,840 பவுண்டையும் மீட்டுத் தருகிறாராம். நான் ஏமாந்தது அவருக்கு எப்படித் தெரியும்? அவரையும் பிளாக் செய்துவிட்டேன், உங்களுக்கு அப்படி யாராவது வந்தால் ஒரு பென்னிகூடக் கொடுக்காதீர்கள்.