பி.என்.ஆர் கேட்காமல் ஏறிய கப்பல்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரும் மலை ரயிலுக்கு "டிக்கெட் போட்டாச்சுங்க" என்று ஒருத்தர் வாயால் சொன்னால் நம்பிவிடுவோமா? பி.என்.ஆர் நம்பரை அனுப்புங்க, நானே பார்த்துக்கறேன் என்போம். சில நூறு ரூபாய் டிக்கெட்டுக்கு அவ்வளவு உஷாராக இருக்கிற நான், சிங்கப்பூர்க் கப்பலுக்கு 4,97,000 ரூபாயை ஒரு லெட்டர்பேடை நம்பிக் கொடுத்தேன். நடந்தது 2024-இல். கேஸ் இன்னும் முடியவில்லை. அதனால் ஏஜென்ட் பெயரும் கப்பல் கம்பெனி பெயரும் இங்கே வராது, கமெண்டில் கேட்காதீர்கள்.

முதலில் என் வெட்கத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தொழிலே இதுதான். குன்னூரில் சிம்ஸ் பார்க்குக்கு மேலே இரண்டு அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறேன். ஏஜென்ட் வழியாக வருகிற கெஸ்டுக்குக் கமிஷன் கழித்துத்தான் என் கைக்குக் காசு வரும். அப்படி வந்த கெஸ்ட் யாராவது "வரலைங்க, அட்வான்ஸைத் திருப்பிக் கொடுங்க" என்று போன் பண்ணினால் நான் சொல்கிற பதில் ஒன்றுதான்: "நீங்க அவங்ககிட்டதானே கட்டினீங்க, அவங்ககிட்டயே கேளுங்க." இதே பதில் ஒருநாள் என் காதிலும் விழும் என்று அன்றைக்குத் தோன்றவில்லை.

இந்த ஏஜென்டும் எனக்கு அப்படித்தான் பழக்கம். கோயம்புத்தூரில் ஆபீஸ். இரண்டு வருடமாக சீசனுக்கு சீசன் கெஸ்ட் அனுப்பிக்கொண்டிருந்தார், கணக்கில் ஒரு பைசா பிசகியதில்லை. 2024 பிப்ரவரியில் குடும்பத்தோடு வந்து எங்கள் வீட்டிலேயே தங்கினார். என் மனைவி கையால் அவரைக்காய்க் குழம்பு சாப்பிட்டுவிட்டு, "அண்ணா, மலையிலேயே இருந்து என்ன பண்றீங்க, சீசன் முடிஞ்சதும் ஒரு குரூஸ் போயிட்டு வாங்க" என்றார். என் அக்காவுக்குக் கடல் என்றால் உயிர். மாமா அருவங்காடு பேக்டரியில் மூன்று ஷிப்டும் பார்த்து ஓய்வு பெற்றவர். நான்கு பேரும் போவது என்று முடிவாயிற்று.

சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டு சிங்கப்பூரிலேயே இறங்குவது. நான்கு இரவு, இரண்டு பால்கனி அறை. கோவையிலிருந்து விமானம், முதல் நாள் ஓட்டல், ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து 4,60,000. அதன்மேல் டிசிஎஸ் என்கிற வரி 5 சதவீதம், 23,000. மலேசியா, தாய்லாந்து விசா தனியாக ஆளுக்கு 3,500 வீதம் 14,000. "இதுக்கு மேல ஒரு ரூபாய் செலவு இல்லைங்கண்ணா, டிப்ஸ் உட்பட எல்லாம் உள்ளே" என்றார். பிப்ரவரியில் பாதி, ஏப்ரல் நடுவில் மீதி. இரண்டாவது தவணையை அவருடைய சொந்த சேமிப்புக் கணக்குக்குப் போடச் சொன்னார். கம்பெனிக் கணக்கில் ஏதோ ஆடிட் நடக்கிறதாம். போட்டேன். சீசன் தொடங்கிவிட்டது, கீழே கெஸ்ட் பெல் அடித்துக்கொண்டிருந்தார், யோசிக்க நேரமில்லை. இப்படி ஒரு சமாதானம் எனக்கே நான் சொல்லிக்கொள்வது.

பதிலுக்கு வந்தது ஒரு பிடிஎப். கப்பல் படம், எங்கள் நாலு பேர் பெயர், "கன்பர்ம்டு" என்று பச்சை எழுத்து, ஒரு எண். அந்த எண் அவர் ஆபீஸ் போட்டுக்கொண்ட எண். கப்பல் கம்பெனி கொடுக்கிற புக்கிங் நம்பர் வேறு. அந்த நம்பர்தான் நம் பி.என்.ஆர். அதையும் பெயரையும் கப்பல் நாளையும் போட்டால் கம்பெனியின் இணையதளத்தில் நம் அறை எது, புக்கிங் உயிரோடிருக்கிறதா எல்லாம் தெரியும். ஆன்லைன் செக்-இன் செய்யவும் அதுதான் வேண்டும். இது எனக்குத் தெரிந்தது ஜூனில், பக்கத்துவீட்டுப் பையன் சொல்லி.

கேட்டேன். "நாளைக்கு அனுப்பறேங்கண்ணா." பத்து நாள் நாளைக்காகவே போயிற்று. பிறகு ஒரு நம்பர் வந்தது. போட்டுப் பார்த்தால் ரத்தாகிவிட்ட புக்கிங் என்று காட்டியது. கம்பெனியின் உதவி எண்ணுக்குப் பேசினேன். அந்தப் பெண் பொறுமையாகவே பேசினாள். அறையைப் பிடித்து வைத்திருந்தார்கள். கடைசிக் கட்டண நாளுக்குள் மீதிப் பணம் வரவில்லை. அதனால் கம்ப்யூட்டர் தானாகவே விடுவித்துவிட்டது. அந்தக் கடைசி நாள் ஏப்ரல் மாதக் கடைசியிலேயே தாண்டிவிட்டிருந்தது. என் பணம் முழுவதும் அதற்கு முன்பே ஏஜென்டிடம் போய்விட்டது என்பதை நினைவில் வையுங்கள். நான் கெஞ்சினேன். அவள் சொன்னாள்: "சார், புக்கிங் ஏஜென்சி பேர்ல இருக்கு. மாத்தறதா இருந்தாலும் பணம் திரும்ப வாங்கறதா இருந்தாலும் அவங்கதான் எங்ககிட்ட பேசணும். நீங்க அவங்ககிட்ட கேளுங்க."

என் வாசலில் நான் சொல்கிற அதே வசனம். போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் தேயிலைச் செடிகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஏஜென்ட் அலறியடித்துப் புது நம்பர் அனுப்பினார். இந்த முறை உயிரோடிருந்த நம்பர்தான். ஆனால் இரண்டும் உள் அறை. ஜன்னலே கிடையாது. எந்தத் தளம், எந்த அறை என்பதும் இல்லை. மிச்சமிருப்பதில் கம்பெனி பார்த்து ஒதுக்குகிற வகை. "பால்கனி ஃபுல்லுங்கண்ணா, ஏறினதும் கவுன்டர்ல சொல்லி மாத்திக்கலாம்" என்றார். கப்பல் கிளம்ப மூன்று வாரம்கூட இல்லை. விமான டிக்கெட் உண்மையானதாக இருந்தது (அதற்கு பி.என்.ஆர் இருந்ததே, பார்த்துக்கொண்டேன்). போவது என்று அக்காதான் முடிவு செய்தாள். "பாதி காசாவது கடலைப் பார்த்துக் கழியட்டும்டா."

ஜூலை இரண்டாம் வாரம் ஏறினோம். கவுன்டரில் கேட்டால், கப்பல் நிறைந்துவிட்டது, மாற்ற அறை இல்லை. உள் அறையில் விளக்கை அணைத்தால் காலை பத்து மணியும் நடுராத்திரியும் ஒன்று. மாமா விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து, குளித்து, சட்டை போட்டுக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார். "நைட் ஷிப்ட் ஞாபகம் வந்துடுச்சு மாப்ள. என்ன, அங்க சம்பளம் குடுத்தாங்க." அக்கா நான்கு நாளும் மேல்தளத்தில்தான் இருந்தாள். அறைக்குத் தூங்க மட்டும் வந்தாள். பினாங்கும் புக்கெட்டும் நன்றாகத்தான் இருந்தன, அதைப் பற்றிப் பொய் சொல்லவில்லை.

கடைசி இரவு பில் வந்தது. டிப்ஸ், ஆளுக்கு நாளுக்கு 16 டாலர் வீதம், நான்கு பேருக்கு நான்கு இரவுக்கு 256 டாலர். "எல்லாம் உள்ளே" என்றது எங்கே உள்ளே என்று தெரியவில்லை. என் கார்டில் 21 ஆயிரத்துச் சொச்சம் கழிந்தது. இது கப்பல் கம்பெனி செய்த ஏமாற்று இல்லை. டிப்ஸை முன்கூட்டியே கட்டாவிட்டால் தினமும் அறைக் கணக்கில் ஏறும் என்று அவர்கள் இணையதளத்தில் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். நான் படித்தது ஏஜென்டின் பிடிஎப்பை மட்டும்.

கப்பலிலேயே இன்னொரு விஷயமும் தெரிந்தது. மதுரையிலிருந்து வந்திருந்த ஒரு டீச்சரம்மாவும் அவர் கணவரும் எங்களோடு ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் விசாப் பணம் கட்டினோம் என்றதும் அந்த அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். இந்தியர்கள் சுற்றுலா போக விசா வேண்டாம் என்பதைத் தாய்லாந்து 2023 நவம்பரிலிருந்தும், மலேசியா 2023 டிசம்பர் 1-இலிருந்தும் நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டன. நான் பணம் கட்டியது 2024-இல். சிங்கப்பூருக்கு மட்டும்தான் விசா தேவைப்பட்டது. அதுவும் கப்பல் வெளியே போய்த் திரும்பி அங்கேயே வருவதால், ஒரு தடவைக்கு மேல் நுழைய அனுமதிக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஆக, இல்லாத விசாவுக்கு 14,000.

அந்த டீச்சரம்மாவும் ஏஜென்ட் வழியாகத்தான் வந்திருந்தார், அதுவும் பால்கனி அறையில். அதனால் இந்தப் பதிவைப் படித்துவிட்டு "ஏஜென்டே திருடன்" என்று ஷேர் செய்யாதீர்கள். ஏஜென்டுக்குக் கமிஷன் கொடுப்பது கப்பல் கம்பெனி. அதனால் அவர் வழியாகப் போட்டாலும் நேரடியாகப் போட்டாலும் கப்பல் கட்டணம் பெரும்பாலும் ஒன்றுதான். நல்ல ஏஜென்ட் தன் கமிஷனிலிருந்து நமக்குக் கொஞ்சம் விட்டும் கொடுப்பார். அவர்களுக்குக் கப்பலில் செலவழிக்க ஐம்பது டாலர் வரவு வைத்திருந்தார்கள். பணம் கட்டிய அன்று மாலையே கம்பெனியின் புக்கிங் நம்பர் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டதாம். "நம்பர் வராம ரெண்டாவது தவணை கட்டவே மாட்டேன்" என்றார், நாம் ரயில் டிக்கெட்டுக்குச் சொல்வதுபோல.

நேரடியாகப் போட்டால் என்ன கிடைத்திருக்கும் என்று ஊருக்கு வந்தபின் உட்கார்ந்து பார்த்தேன். கப்பலின் ஒவ்வொரு தளத்தின் வரைபடத்தையும் பார்த்து அறையை நாமே தேர்ந்தெடுக்கலாம். சில பால்கனிகளுக்கு முன்னால் உயிர்காப்புப் படகு தொங்கி மறைக்கும், அதுவும் வரைபடத்தில் தெரியும். கடைசிக் கட்டண நாள் எது, எந்த நாளுக்குப்பின் ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதெல்லாம் கம்பெனியின் இணையதளத்திலேயே இருக்கும். கிரெடிட் கார்டில் கட்டினால் பேங்கிடம் தகராறு எழுப்ப வழி உண்டு. சேமிப்புக் கணக்குக்குப் போட்ட பணத்துக்கு அந்த வழி கிடையாது. ஆனால் விமானம், ஓட்டல், விசா எல்லாம் நம் தலையில். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது, அதனால் ஒருநாள் முன்பே போய்ச் சேர வேண்டும். அறுபது தாண்டிய அக்காவையும் மாமாவையும் வைத்துக்கொண்டு எனக்கு அது முடியுமா என்றால், இப்போதும் ஏஜென்டிடம்தான் போவேன். வேறு ஏஜென்டிடம்.

மோசடியின் கடைசிக் கண்ணி ஜூலை மாதக் கடைசியில்தான் அகப்பட்டது, வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ய ஆடிட்டரிடம் போனபோது. டிசிஎஸ் என்பது ஏஜென்டுக்குப் போகிற பணமில்லை. வெளிநாட்டு டூர் விற்கிறவர் நம்மிடம் வசூலித்து நம் பான் நம்பரில் அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டும். நாம் அதை வரியில் கழித்துக்கொள்ளலாம், வரியே இல்லையென்றால் திரும்பவும் வாங்கலாம். பிப்ரவரியில் கட்டிய பாதிக்கு 11,500 ரூபாய் என் 26ஏஎஸ் படிவத்தில் (நம் பான் நம்பரில் கட்டப்பட்ட வரியைக் காட்டுவது) இருந்திருக்க வேண்டும். ஆடிட்டர் இரண்டு தடவை தேடிவிட்டு, "ஒண்ணுமே கட்டலைங்களே" என்றார். நீங்கள் யாராவது டூருக்கு டிசிஎஸ் கட்டியிருந்தால் இன்றைக்கே 26ஏஎஸ்ஸைத் திறந்து பாருங்கள்.

என் கணிப்பு, என் பணத்தில் முந்தின பார்ட்டிக்கு டிக்கெட் போட்டிருக்கிறார். எனக்குப் போட அடுத்த பார்ட்டி பணம் வர வேண்டியிருந்தது, வர ஜூன் ஆகிவிட்டது. அந்த "அடுத்த பார்ட்டி" யார், அவர்கள் கப்பல் ஏறினார்களா என்று சில நாள் தூக்கம் வராமல் யோசித்ததுண்டு.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். அதற்கு அவர் பதிலே போடவில்லை. வக்கீல் நோட்டீஸ் போனபிறகு விசாப் பணம் 14,000-மும் டிசிஎஸ் 23,000-மும் திரும்பி வந்தது, "தவறுதலாக" என்ற ஒரு வார்த்தையோடு. அறை வித்தியாசத்துக்கும் டிப்ஸுக்கும் வாய் திறக்கவில்லை. அதற்குத்தான் ஊட்டியில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. ஏஜென்ட் ஆபீஸ் கோவையில் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம்வரை இருந்தால் மனுக் கட்டணமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். எனக்கு இதுவரை கைகொடுத்தது அந்தப் பச்சை எழுத்து பிடிஎப், ரத்தான புக்கிங்கின் ஸ்கிரீன்ஷாட், சேமிப்புக் கணக்குக்குப் போன பணத்தின் பேங்க் ஸ்டேட்மென்ட், வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய "நாளைக்கு"கள். போனில் பேசியது எதுவும் உதவவில்லை.

"ஏங்க, ரெண்டு வருஷம் கெஸ்ட் அனுப்பினவர் மேல கேஸா?" என்று மனைவி ஆரம்பத்தில் கேட்டாள். இப்போது ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஸ்வெட்டர், பைல், சுக்குக் காபி பிளாஸ்க் மூன்றையும் அவளே எடுத்து வைக்கிறாள். மாமாவும் கூட வருகிறார், கப்பலைவிட இது அவருக்குப் பிடித்திருக்கிறது என்று நினைக்கிறேன். அடுத்த வாய்தா ஜூன் கடைசியில். சீசன் முடிந்திருக்கும், ஊட்டி பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும்.