பழைய ஆஃப்ரோடு வண்டிக்கு நானே வார்த்த ஃபைபர் ஃபெண்டர்: 4 வருட அனுபவம்

என்னுடையது உற்பத்தி நின்று பல வருடங்களான ஒரு ஃபோர் வீல் டிரைவ் பிக்கப். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் பெரிய டயர் போடுவதற்காக முன்பக்கத்து இரும்பு ஃபெண்டர்களைக் கழற்றிவிட்டு, வெளியே விரிந்து, டயருக்கு மேல் நன்றாக எழும்பி நிற்கும் ஃபைபர் கிளாஸ் ஃபெண்டர்களை மாட்டியிருந்தார். அந்த வண்டிக்கு அழகே அந்த விரிவுதான். நான் வாங்கும்போது வலப்பக்க ஃபெண்டர் மூன்று துண்டாக உடைந்து, கம்பி கட்டி நின்றிருந்தது. யாரோ ஒருவர் தனியாக வார்த்துக் கொடுத்தது என்பதால் அதே வடிவம் எங்கும் வாங்கக் கிடைக்காது. நானே மோல்டு எடுத்து இரண்டு பக்கத்துக்கும் வார்த்தேன். முதல் ஜோடி 14 மாதம் தாங்கியது. இரண்டாவது ஜோடி 4 வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரே மோல்டுதான், கண்ணாடி இழையை இறுக்கும் பிசினான ரெசினும் ஒன்றேதான். பிறகு எதனால் இவ்வளவு வித்தியாசம் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மோல்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன். இடப்பக்க ஃபெண்டரில் எடுத்த மோல்டில் எத்தனை வார்த்தாலும் இடப்பக்கம்தான் வரும். வலப்பக்கம் அதன் கண்ணாடி பிம்பம், அதற்குத் தனி மோல்டு வேண்டும். அதனால் உடைந்த வலப்பக்கத்தைத்தான் பேட்டர்னாக, அதாவது மோல்டு எடுக்கும் மூல வடிவமாக, தேற்ற வேண்டியிருந்தது. துண்டுகளை மேசையில் வைத்து ஒட்டவில்லை. வண்டியிலேயே போல்ட் போட்டு நிறுத்தி, கதவுக்கும் பானெட்டுக்கும் உள்ள இடைவெளி மேலிருந்து கீழ் வரை ஒரே சீராக வரும்வரை நகர்த்தி, அதன் பிறகு உள்பக்கம் மேட் (கண்ணாடி இழை விரிப்பு) போட்டு இணைத்தேன். மேசையில் ஒட்டியிருந்தால் துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தியிருக்கும், வண்டியோடு பொருந்தியிருக்காது. வளைவு சரியா என்று பார்க்க இடப்பக்கத்தில் நான்கு இடங்களில் அட்டை வெட்டி உருவம் எடுத்து, அதையே திருப்பி வலப்பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அட்டைக்கும் பேனலுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்த இடத்தில் பட்டி, இடித்த இடத்தில் உப்புத்தாள். இரண்டு வாரம் மாலை வேளைகள் இதிலேயே போயின. அந்த இரண்டு வாரம் முழுக்க முழுக்கத் தகும். பேட்டர்னில் இருக்கும் ஒவ்வொரு மேடு பள்ளமும் மோல்டுக்குப் போய், அதிலிருந்து வார்க்கும் ஒவ்வொரு பேனலிலும் திரும்ப வந்து நிற்கும்.

பேட்டர்னுக்கு நான் அடித்தது சாதாரண ஸ்பிரே கேன் பிரைமர். அது தப்பு. ஜெல்கோட்டில் (முதலில் பூசும், வெளிமேற்பரப்பாக வரும் ரெசின் பூச்சு) இருக்கும் ஸ்டைரீன் நல்ல கரைப்பான். மோல்டு ஒட்டாமல் பிரிவதற்காக அடிக்கும் பிவிஏ படலம் மெல்லியதாக விழுந்திருந்த ஒரு மூலையில் அது உள்ளே இறங்கி, பிரைமரை உள்ளங்கை அகலத்துக்குச் சுருட்டிவிட்டது. அந்தச் சுருக்கம் அப்படியே மோல்டில் பதிந்தது. அதைத் தேய்த்து, நிரப்பி, மறுபடி பாலிஷ் போட்டு எடுக்க மூன்று நாள். இடப்பக்கத்துக்கு ஹார்டனர் கலந்து அடிக்கும் டூகே பிரைமர் அடித்து, நன்றாகக் காயவிட்டு, ஒரு மணி நேர இடைவெளியில் ஆறு முறை மெழுகு தேய்த்து, அதன்மேல் பிவிஏ அடித்தேன். வேலை முடிந்ததும் ஓரத்தில் தண்ணீர் ஊற்ற, பிவிஏ கரைந்து மோல்டு தானாகவே நெகிழ்ந்து கொடுத்தது.

வீல் ஆர்ச்சின் விளிம்பு உள்நோக்கி மடிவதால் ஒற்றைத் துண்டாக மோல்டு எடுத்தால் பேனல் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். ஆகவே மோல்டு இரண்டு பாகம், நடுவில் காது வைத்து போல்ட் போட்டு இணைப்பது. மோல்டின் தடிமன் பேனலைப் போல் மூன்று மடங்கு வைத்தேன். பாலியெஸ்டர் ரெசின் இறுகும்போது சூடாகும், சுருங்கவும் செய்யும். ஒரே மூச்சில் தடிமனாகப் போட்டால் இரண்டும் கூடி மோல்டு முறுக்கிக்கொள்ளும். ஒரு நாளைக்கு இரண்டு அடுக்குதான் போட்டேன். எல்லாம் முடிந்தும் ஒரு வாரம் பேட்டர்னிலேயே விட்டுவிட்டுத்தான் கழற்றினேன். மோல்டுக்குக் கறுப்பு ஜெல்கோட், பேனலுக்கு வெள்ளை. இந்த நிற வேறுபாடு பெரிய உதவி. எங்கே ஜெல்கோட் மெலிந்திருக்கிறதோ அங்கே அடியிலிருந்து கறுப்பு எட்டிப் பார்க்கும். அரை மில்லிமீட்டர் அளவுக்குச் சீராக விழ வேண்டும். மெலிந்த இடத்தில் அது முழுதாக இறுகாது, மேலே ரெசின் பட்டதும் முதலைத் தோல் போல் சுருங்கிவிடும்.

இப்போது முதல் ஜோடிக்கு வருகிறேன். பழைய ஃபெண்டர் உடைந்ததற்குக் காரணம் மெல்லியதாக இருந்ததுதான் என்று நம்பினேன். அதனால் சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட்டில் ஆறு அடுக்கு போட்டேன். டிங்கரிங் வேலை தெரிந்த நண்பன் மாட்ட உதவி செய்ய வந்தான். கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "டேய், இரும்பே இதைவிட லேசா இருக்குமேடா" என்றான். கணக்குப் போட்டால் அவன் சொன்னதுதான் சரி. 450 கிராம் மேட் ஆறு அடுக்கு என்றால் சதுர மீட்டருக்கு 2.7 கிலோ கண்ணாடி இழை. மேட்டின் எடையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் ரெசின் பிடிக்கும். மொத்தம் சதுர மீட்டருக்கு 8.5 கிலோவைத் தாண்டிவிடும். 1 மி.மீ. இரும்புத் தகடோ 7.85 கிலோதான்.

எடையோடு போயிருந்தால் பொறுத்துக்கொண்டிருக்கலாம். நான்காவது மாதம் பின்பக்க போல்ட்டைச் சுற்றி மயிரிழை போல விரிசல்கள், நட்சத்திர வடிவில். பத்தாவது மாதம் பானெட் ஓரத்து போல்ட்டுகளிலும் அதே. பேனலின் நடுப்பகுதி புதிதாகவே இருந்தது. கழற்றிப் பார்த்தபோது துளையைச் சுற்றி ஃபைபர் நசுங்கி, வெள்ளை பூத்து, விரலால் அழுத்தினால் பொடியாக உதிர்ந்தது. அப்போதுதான் பழைய உடைந்த ஃபெண்டரின் துண்டுகளை யோசித்துப் பார்த்தேன். அதுவும் உடைந்த இடத்திலெல்லாம் போல்ட் துளை வழியாகத்தான் பிளந்திருந்தது. விடை ஆரம்பத்திலிருந்தே என் கையில் இருந்திருக்கிறது.

சேஸிஸ் கொண்ட பழைய வண்டி கரடுமுரடான பாதையில் முறுக்கும். இரும்பு ஃபெண்டர் அந்த முறுக்கோடு கொஞ்சம் வளைந்து கொடுக்கும். 6 மி.மீ. ஃபைபர் கொடுக்காது, முழுச் சுமையையும் போல்ட் துளைக்குத் தள்ளிவிடும். அது போதாதென்று வெயிலில் மேட் ஃபைபர் இரும்பைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு விரியும். இறுக்கமான வட்டத் துளையில் அதற்கு நகர இடமே கிடையாது.

இரண்டாவது ஜோடியில் ஜெல்கோட்டுக்குப் பின்னால் முதலில் மெல்லிய டிஷ்யூ மேட், அப்புறம் 300 கிராம் ஒன்று, 450 கிராம் இரண்டு. அவ்வளவுதான். சதுர மீட்டருக்கு 4 கிலோ வாக்கில் வரும். விறைப்பு வேண்டிய இடத்தில் மட்டும், பேனல் மோல்டிலேயே இறுகிய பிறகு, நுரைப் பட்டை வைத்து அதன்மேல் மேட் போர்த்தி விலா எலும்பு மாதிரி மூன்று கோடுகள் ஓட்டினேன். விளிம்பு முழுக்க இரண்டு கூடுதல் பட்டை. போல்ட் வரும் இடங்களில் சின்ன அலுமினியத் தகடுகளைச் சொரசொரப்பாகத் தேய்த்து, துளைகள் போட்டு, அடுக்குகளுக்கு நடுவே புதைத்தேன். துளைகளை நீள்வட்டமாக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்டீல் புஷ் (சிறு குழாய்த் துண்டு). போல்ட்டை எவ்வளவு முறுக்கினாலும் இறுக்கம் புஷ்ஷில் போய் நிற்கும், ஃபைபர் நசுங்காது. மேலும் கீழும் ரப்பர், பிறகு அகல வாஷர். 4 வருடத்தில் இந்த இடங்களில் ஒரு விரிசல்கூட இல்லை. ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் டார்ச் அடித்துப் பார்க்கிறேன்.

குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆறாவது மாதம் வீல் ஆர்ச் மடிப்பில் ஒரு கல் பட்டு, ஜெல்கோட் முட்டை ஓடு போலப் பெயர்ந்தது. உள்ளே வெற்றிடம். கூர்மையான மூலையில் மேட் முழுதாகப் படியாமல் பாலம் போட்டு நின்றதன் விளைவு. நறுக்கிய இழையை ரெசினில் குழைத்து, அந்த மூலையை முதலில் உருட்டலாக நிரப்பியிருக்க வேண்டும். டயர் அடித்த கற்களால் வேறு ஒரு தொல்லை: உள்ளே படும் அடி வெளிப்பக்க பெயின்டில் சிலந்தி வலை போல் தெரியும். வீல் ஆர்ச்சுக்குள் ரப்பர் ஷீட் மாட்டிய பிறகு அது நின்றுவிட்டது. இன்னொன்று, பேனல் முழுதாக இறுகும் முன்பே அவசரப்பட்டு அடர் பச்சை அடித்துவிட்டேன். ஒரு கோடை கழிந்ததும் சாய்ந்த வெயிலில் மேட்டின் இழைத்தடம் மேற்பரப்பில் லேசாகத் தெரிகிறது. மூன்று நான்கு வாரம் வெயிலில் காயவிட்டு அடித்திருந்தால் இது வந்திருக்காது. அடர் நிறத்தில் சூடு அதிகம், அதனால் தடமும் அதிகம்.

நல்ல பக்கம் என்றால், இரண்டாம் வருடம் ஒடுக்கமான பாதையில் ஒரு மரம் வலப்பக்கத்தை அழுத்தி உரசியது. இரும்பாக இருந்தால் டிங்கரிங் வேலை நிச்சயம். ஃபெண்டர் உள்ளே அமுங்கி, "டப்" என்ற சத்தத்தோடு வெளியே வந்து நின்றது. பெயின்டில் கீறல் மட்டும். போன வருடம் பாறை முனை பட்டு இடப்பக்கக் கீழ் ஓரம் ஓர் அடி நீளத்துக்குக் கிழிந்தது. வெளிப்பக்கம் டேப் ஒட்டி, உள்பக்கத்தைச் சரிவாகத் தேய்த்து, மூன்று அடுக்கு போட்டு ஒரே நாளில் சரிசெய்தேன். துரு என்ற பேச்சே கிடையாது, அது எனக்குப் பெரிய நிம்மதி.

மாட்டும்போது பலர் மறக்கும் ஒன்று எர்த். இரும்பு ஃபெண்டரில் இண்டிகேட்டர் விளக்குக்குத் தகடே எர்த். ஃபைபரில் மின்சாரம் போகாது. மாட்டிய முதல் நாள் விளக்கு எரியாமல் ஃபியூஸ், பல்பு என்று தேடி அலைந்தேன். சேஸிஸுக்குத் தனி ஒயர் இழுத்ததும் எரிந்தது. சைலன்சர் குழாய் பக்கத்தில் போனால் நடுவே அலுமினியத் தடுப்பு வையுங்கள். பொதுப் பயன்பாட்டு பாலியெஸ்டர் 100 டிகிரிக்குள்ளேயே விறைப்பை இழக்கத் தொடங்கிவிடும்.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ரெசினை இறுக வைக்கக் கலக்கும் கேட்டலிஸ்ட் கண்ணில் ஒரு துளி பட்டால்கூடப் பார்வை போகலாம், கண்ணாடி போடாமல் மூடியைத் திறக்காதீர்கள். ரெசினுக்கு 1 முதல் 2 சதவீதம், அதாவது கிலோவுக்கு 10 முதல் 20 கிராம், எடை போட்டே கலக்குங்கள். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் கேட்டலிஸ்டையும் நேரடியாக ஒன்றோடொன்று சேர்க்கவே கூடாது, வெடிக்கும். துணி முகமூடி ஸ்டைரீன் ஆவியைத் தடுக்காது, கார்பன் ஃபில்டர் வைத்த மாஸ்க் வேண்டும். மீந்த ரெசினை டப்பாவில் மொத்தமாக விட்டால் புகை கிளம்பும் அளவுக்குச் சூடேறும். அகலமான தட்டில் பரப்பி வெளியே வைத்துவிடுவது என் பழக்கம்.

மோல்டுகளை வெறுமனே சாத்தி வைத்தால் நாளாக நாளாக வளைந்துவிடும். அதனால் கடைசியாக ஒரு செட் வார்த்து, அதைக் கழற்றாமல் மோல்டுக்குள்ளேயே விட்டு, காதுகளை போல்ட் போட்டு இறுக்கி, தட்டையாகப் படுக்க வைத்திருக்கிறேன். மோல்டும் வளையாது, அடுத்த பாறைக்கு மாற்று ஃபெண்டரும் தயார்.