திருக்கழுக்குன்றமா, செஞ்சியா? சென்னையிலிருந்து செல்வோருக்கு ஓர் ஒப்பீடு

மலையும் அதன் அடிவாரத்து ஊரும் சேர்ந்து வரலாறு சொல்லும் இடத்தைக் காண விரும்பும் சென்னைவாசிக்குத் தெற்கே இரண்டு வாய்ப்புகள் உள்ளன. செங்கல்பட்டில் இடப்புறம் திரும்பினால், ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் திருக்கழுக்குன்றம். திண்டிவனம் வரை சென்று திருவண்ணாமலைச் சாலையில் திரும்பினால், ஏறத்தாழ 160 கிலோமீட்டரில் செஞ்சி. இரண்டில் செஞ்சியே பெரியது என்பதால் அதுவே சிறந்தது என்று பலரும் முடிவு கட்டிவிடுகின்றனர். நான் அவ்வாறு கருதவில்லை. மலையையும் ஊரையும் ஒருசேரக் காண வேண்டுமானால் திருக்கழுக்குன்றமே மேல். செஞ்சியின் பெருமை அதன் கோட்டையைவிடச் சுற்றுவட்டாரத்தில்தான் மிகுதியாக இருக்கிறது.

திருக்கழுக்குன்றத்தில் மலைமேல் வேதகிரீசுவரர், ஊர் நடுவே பக்தவத்சலேசுவரர் என்று கோயில் இரண்டாக இருந்தாலும் வழிபாடு ஒன்றே. தேவார மூவரும் பாடிய இத்தலத்துக்குக் கந்தசிஷ்யன் என்னும் பழைய மன்னன் அளித்த நிலக்கொடையை வாதாபி கொண்ட நரசிம்மவர்மன் காத்ததாகவும், பின்னர் அதைத் தாம் புதுப்பித்ததாகவும் முதலாம் ஆதித்த சோழனின் கல்வெட்டு கூறுகிறது. அரசுகள் மாறியும் கொடை அறுபடாமல் தொடர்ந்த இந்த ஊரில், இன்றும் தேர் ஓடும் வீதிகளில்தான் மக்கள் காய்கறி வாங்குகின்றனர். நண்பகலில் அர்ச்சகர் கையால் உணவு பெற வந்த இரண்டு பறவைகளால்தான் ஊர் பட்சி தீர்த்தம் என்றும் புகழ்பெற்றது. கழுகு என்று நாம் சொன்னாலும் அவை மஞ்சள்முகப் பாறு என்னும் பிணந்தின்னிப் பறவைகள். 1990-களின் இறுதிக்குப் பின் அவை வருவதில்லை. ஆயினும் பழைய நினைவில் பெரியவர்கள் இன்றும் உச்சிப்பொழுதில் வானத்தை அண்ணாந்து பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன்.

இறங்கும் வழியில் உள்ள ஒருகல் மண்டபத்தைப் பெரும்பாலோர் நிழலுக்கு ஒதுங்கும் இடமாகவே பயன்படுத்துகின்றனர். பல்லவர் குடைந்த அந்தக் குகைக்கோயிலின் கல்லில், பதினேழாம் நூற்றாண்டில் இங்கு வந்த டச்சுக்காரர்கள் தம் பெயர்களைப் பொறித்துச் சென்றிருக்கின்றனர். அவர்களுடைய கோட்டை அருகிலுள்ள சதுரங்கப்பட்டினத்தில் இருந்தது. சுவரில் பெயர் கிறுக்கும் பழக்கத்துக்கு நம் கல்லூரி மாணவர்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை.

செஞ்சியில் இந்த ஒட்டுறவு இல்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் மதிலால் இணைத்த அந்தக் கோட்டைக்குள் கல்யாண மகால், நெற்களஞ்சியம், வெங்கட்ரமணர் கோயில், சாதத்துல்லாகான் மசூதி எல்லாம் இருக்கின்றன. குடியிருப்போர் மட்டும் இல்லை. 1677-இல் சிவாஜி கைப்பற்றிய கோட்டை. அவர் மகன் ராஜாராம் தஞ்சம் புகுந்தபோது முகலாயர் 1690-இல் தொடங்கி 1698 வரை முற்றுகையிட்டும் எளிதில் வீழாத கோட்டை. அது ஏன் எளிதில் வீழவில்லை என்பது ராஜகிரியில் ஏறுபவருக்குத் தானே விளங்கும். ஏறத்தாழ 240 மீட்டர் உயரமுள்ள குன்றின் உச்சியை நெருங்கும் இடத்தில் பாறை பிளந்து நிற்க, அதன்மேல் ஒரு சிறு பாலம் மட்டுமே வழி. பாலத்தை எடுத்துவிட்டால் சிலரே நின்று ஒரு படையைத் தடுக்கலாம். 2025-இல் மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது, மகாராட்டிரத்துக்கு வெளியே இடம்பெற்றது செஞ்சி ஒன்றுதான்.

ஆயினும் நான் செஞ்சிக்கு மீண்டும் மீண்டும் போவது கோட்டைக்காக அன்று. சற்று வடக்கே, சிங்கவரம் என்னும் சிற்றூரின் குன்றில், பள்ளிகொண்ட அரங்கநாதர் பாறையோடு பாறையாகக் குடையப்பட்டிருக்கிறார். அதன் அருகிலுள்ள திருநாதர்குன்றில் ஒரே பாறையில் சமணரின் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்கள் இரண்டு வரிசையாக அமர்ந்திருக்கின்றனர். 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நினைவிடமான நிசீதிகையைக் குறிக்கும் கல்வெட்டும் அங்கேயே உள்ளது. மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணரின் மடம் இன்றும் இயங்குகிறது. விழுப்புரம் சாலையில் உள்ள மண்டகப்பட்டில், செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றி முத்தேவர்க்கும் கோயில் எடுத்ததாக விசித்திரசித்தன் என்னும் பட்டப்பெயருடைய பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் கல்லில் எழுதி வைத்திருக்கிறான். இத்தகைய செறிவு திருக்கழுக்குன்றத்தைச் சுற்றி, மாமல்லபுரத்தைத் தவிர்த்தால், கிடைக்காது. மாமல்லபுரத்தையோ நாம் அனைவரும் பள்ளிச் சுற்றுலாவிலேயே பார்த்துவிட்டோம்.

பயணத்தைப் பொறுத்தவரை திருக்கழுக்குன்றம் எளிது. செங்கல்பட்டு வரை மின்சார ரயில், அங்கிருந்து பேருந்து; காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். 500-க்கும் மேற்பட்ட படிகளை வெறுங்காலில் ஏற வேண்டும் என்பதால், ஒன்பது மணிக்குள் ஏறத் தொடங்குவது நல்லது. பங்குனி வெயிலில் பதினொரு மணிக்கு இறங்கியபோது படி விட்டுப் படி தாவியே நான் வர வேண்டியிருந்தது. செஞ்சிக்குக் கிளாம்பாக்கத்திலிருந்து புறப்படும் திருவண்ணாமலைப் பேருந்துகளில் செல்லலாம். ஆனால் சிங்கவரம், மண்டகப்பட்டு போன்ற ஊர்களுக்குச் சொந்த வண்டியோ, செஞ்சியில் பேசி அமர்த்தும் ஆட்டோவோ இல்லாமல் ஒரு நாளில் சுற்றுவது இயலாது.

முழங்கால் வலியுள்ள பெற்றோருடன் செல்பவர்கள் திருக்கழுக்குன்றத்தில் கீழ்க்கோயிலையும் சங்கு தீர்த்தக் குளத்தையும் பார்த்தாலே பயணம் நிறைவடையும். செஞ்சியில் அவர்கள் கல்யாண மகாலின் நிழலில் காத்திருக்க வேண்டியதாகும். ஒரு நாள் மட்டுமே கையில் இருந்தால் திருக்கழுக்குன்றத்துக்கே செல்லுங்கள். செஞ்சிக்கு ஓர் இரவு தங்கும்படி செல்ல வேண்டும். முதல் நாள் மாலையில் சிங்கவரமும் திருநாதர்குன்றும், மறுநாள் விடியலில் ராஜகிரி, திரும்பும்போது மண்டகப்பட்டு என்று வகுத்துக்கொண்டால், கோட்டை வாசல் திறக்கும்போதே நீங்கள் அங்கே நிற்கலாம்.