விளக்கு எரிவது போலத் தெரிய: எஃபெக்டா, ஷேடரா, கிரேடியன்டா?

பல்லடம் ரோட்டில் ஒரு நிட்டிங் யூனிட்டுக்கு மெஷின் நிலவரம் காட்டும் திரை ஒன்று எழுதிக் கொடுத்தேன். 48 மெஷின், ஒவ்வொன்றுக்கும் திரையில் ஒரு விளக்கு. ஓடினால் பச்சை, நூல் அறுந்தால் மஞ்சள், நின்றுவிட்டால் சிவப்பு. முதல் நாள் வெறும் வட்டங்களாக வரைந்து காட்டினேன். சூப்பர்வைசர் அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏனுங்க தம்பி, பொட்டு வெச்சாப்பல இருக்குதுங்க. லைட்டு எரியறாப்பல இல்லீங்களே" என்றார்.

அவர் அழகுக்காகக் கேட்கவில்லை. கூடத்தின் மறுகோடியில் நிற்பவர் தலையைத் திருப்பிய நொடியில் எந்த மெஷின் நின்றிருக்கிறது என்று தெரிய வேண்டும். தட்டையான நிறம் கண்ணை இழுப்பதில்லை. ஒளி கசிகிற மாதிரி இருந்தால் கண் தானாக அங்கே போகிறது.

நான் எழுதியது டபிள்யூபிஎஃப்பில், அதாவது விண்டோஸ் புரோகிராம்களின் திரையை வரைய மைக்ரோசாஃப்ட் தரும் கருவித்தொகுப்பில். அதில் இதற்கு மூன்று வழி உண்டு. கூடவே வருகிற, நிழல் போடும் டிராப்ஷேடோ எஃபெக்ட்; ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் கணக்கிட நாமே எழுதும் பிக்சல் ஷேடர் என்கிற சின்ன புரோகிராம்; ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு மெல்ல மாறும் கிரேடியன்ட் பிரஷ்களை அடுக்கி ஒளியைக் கையால் வரைவது. மூன்றையும் அந்த ஒரே வேலைக்குப் போட்டுப் பார்த்து, கடைசியில் கிரேடியன்டில் நின்றேன். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

முதலில், வெளிச்சம் என்று கண் எதை எடுத்துக்கொள்கிறது? அனுப்பர்பாளையத்துப் பட்டறையில் தேய்த்து முடித்த பித்தளைக் குடத்தைப் பார்த்தால் புரியும். ஒரு பக்கம் வெளிறி, மறுபக்கம் மெல்ல மெல்ல இருள்கிறது. வெளிச்சம் நேரே படும் இடத்தில் சின்னதாக ஒரு வெள்ளைப் பளிச்சு. விளக்கென்றால் மூன்றாவதாக ஒன்று வேண்டும்: விளிம்புக்கு வெளியே பரவிக் கரையும் ஒளிவட்டம். இந்த மூன்றும் சரியாக விழுந்தால் போதும்.

டிராப்ஷேடோ எஃபெக்ட் ஒரு வரி வேலை. நிழலின் தூரத்தைச் சுழியாக்கி, நிறத்தை விளக்கின் நிறமாக மாற்றி, மங்கலின் அளவைக் கூட்டினால் ஒளிவட்டம் வந்துவிடும். பத்து நிமிடத்தில் முடிந்தது. பிரச்சினை அதற்குப் பிறகு. எஃபெக்ட் போட்ட உறுப்பையும் அதற்குள் இருக்கும் எல்லாவற்றையும் டபிள்யூபிஎஃப் முதலில் தனியாக ஒரு படமாக வரைந்து, அதன் மேல்தான் மங்கலைப் போடுகிறது. மெஷின் எண்ணும் அதே பெட்டிக்குள் இருந்ததால், எழுத்தைக் கூராகக் காட்ட விண்டோஸ் செய்யும் கிளியர்டைப் வேலை போய்விட்டது. உள்ளே ஓர் எண் மாறினாலும் மொத்தப் பெட்டியும் திரும்ப மங்கலாக்கப்படும். சிவப்பு விளக்குகள் மினுங்கும்போது ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் இதே கதை.

ஷேடர் இதையெல்லாம் தாண்டியது. ஒளி எங்கிருந்து வருகிறது, பரப்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பிக்சல் பிக்சலாகக் கணக்குப் போடலாம். மவுஸ் நகர்ந்தால் பளிச்சும் கூடவே நகரும். பார்க்க உண்மையிலேயே அருமையாக இருக்கும். ஆனால் ஷேடரின் 3.0 பதிப்பு என்றால் கிராபிக்ஸ் கார்டு கட்டாயம், டபிள்யூபிஎஃப் அதை மென்பொருள் வழியாக ஓட்டாது. 2.0 பதிப்பு என்றால் கார்டு இல்லாமலும் ஓடும், ஆனால் கணக்குக்கான கட்டளைகள் 64-க்குள் அடங்க வேண்டும்.

எனக்கு முடிவை எடுத்துக் கொடுத்தது பராமரிப்புதான். அதில் இரண்டு பக்கம் உண்டு.

ஒன்று, ஓடுகிற கம்ப்யூட்டர். நிட்டிங் கூடத்தில் பஞ்சு பறந்துகொண்டே இருக்கும். இரண்டு மாதத்தில் ஃபேன் அடைத்துக்கொள்ளும். பிராசஸர் சூடாகி வேகம் குறையும். அங்கே வைப்பதும் கணக்கு ரூமில் கழித்துக்கட்டின பழைய பெட்டியாகத்தான் இருக்கும். ஓனர் கோயமுத்தூரில் வீட்டிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் பார்ப்பார். அப்போது டபிள்யூபிஎஃப் பெரும்பாலும் பிராசஸரிலேயே எல்லாவற்றையும் வரைந்து படமாக அனுப்புகிறது. 48 விளக்கின் மங்கலையும் பிராசஸரே செய்தால் திரை திக்கித் திக்கி நகர்கிறது. விளக்கு சிவப்பாக மாற இரண்டு நொடி பிந்தினால் அந்தத் திரையை எதற்கு வைக்க வேண்டும்?

இன்னொன்று, நாளைக்கு இதைத் திருத்தப் போகிறவர். முன்பு நான் இருந்த ஒரு டீமில் ஒருவர் அழகான ஷேடர் ஒன்று எழுதி வைத்துவிட்டு வேலை மாறிப் போனார். புரோகிராமுக்குள் இருந்தது கம்பைல் ஆன, அதாவது மெஷின் மொழிக்கு மாற்றிய, திருத்த முடியாத ஃபைல் மட்டும். மூல ஃபைல் யார் கம்ப்யூட்டரிலும் இல்லை. ஒளியின் கோணத்தை மாற்றச் சொன்னபோது முதலிலிருந்து எழுத வேண்டியதாயிற்று. எஃபெக்ட்களுக்கும் இப்படி ஒரு வரலாறு உண்டு. 2006-ல் டபிள்யூபிஎஃப் வந்தபோது பிட்மேப் எஃபெக்ட் என்று ஒரு வகை இருந்தது. பெவல் (ஓரம் சரிந்தது போல), எம்பாஸ் (புடைத்தது போல), வெளி ஒளிவட்டம் எல்லாம் அதில்தான். 2008-ல், டபிள்யூபிஎஃப் அடங்கிய டாட்நெட் தொகுப்பின் 3.5 சர்வீஸ் பேக் 1 வந்தபோது அவற்றைப் பழையவை என்று ஒதுக்கிப் புது எஃபெக்ட் வகுப்புகளைத் தந்தார்கள். அந்தப் புது வரிசையில் மங்கலும் நிழலும் மட்டும்தான். பெவலுக்கு நேரான மாற்று வரவில்லை. கிரேடியன்ட் பிரஷ்ஷோ முதல் பதிப்பிலிருந்து இன்றுவரை அப்படியே இருக்கிறது.

சரி, எப்படி வரைந்தேன் என்று சொல்கிறேன். ஒரு விளக்குக்கு மூன்று நீள்வட்டம். அடியில் பெரியது, ஒளிவட்டத்துக்கு. நடுவில் விளக்கின் உடல். அதன் ரேடியல் கிரேடியன்டில் ஒளி தொடங்கும் புள்ளியை நடுவில் (0.5, 0.5) வைக்காமல் 0.35, 0.3-க்கு நகர்த்தினேன். வெளிச்சம் மேல் இடதிலிருந்து வருவது போல ஆகிவிடும். டிராப்ஷேடோவின் இயல்பான திசை 315 டிகிரி, அதாவது நிழல் கீழ் வலதில் விழும். திரையில் வேறெங்காவது நிழல் இருந்தால் இரண்டும் ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் ஏதோ உறுத்தும். மேலே சின்னதாக வெள்ளைப் பளிச்சு.

இதில் நான் அரை நாள் தொலைத்த இடம் ஒன்று. ஒளிவட்டம் கரையும் ஓரத்துக்கு 'டிரான்ஸ்பரன்ட்' என்று பெயர் கொடுத்தேன். விளிம்பில் சாம்பல் பூத்த மாதிரி ஒரு வளையம் வந்தது. டபிள்யூபிஎஃப்பில் அந்தப் பெயருக்கு ஆல்ஃபா (நிறம் எவ்வளவு அழுத்தமாகத் தெரிய வேண்டும் என்ற அளவு) சுழியான வெள்ளை என்று பொருள். அதனால் சிவப்பு கரைந்து போகும் வழியில் வெளிறுகிறது. அதே சிவப்பையே ஆல்ஃபா சுழியாக எழுதியதும் வளையம் மறைந்தது.

மினுங்கலுக்கு ஒளிவட்டத்தின் ஒளிபுகும் அளவை மட்டும் ஏற்றி இறக்குகிறேன், நொடிக்கு 10 ஃப்ரேம் போதும் என்று கட்டுப்படுத்தி. பிரஷ்களை ஃப்ரீஸ் செய்து, அதாவது இனி மாறாதபடி பூட்டி, 48 விளக்குக்கும் பொதுவாக வைத்திருக்கிறேன். நிறங்கள் எல்லாம் தனி ஃபைலில். அதை எக்ஸி (ஓடும் புரோகிராம் ஃபைல்) என்பதற்குள் சேர்க்காமல் புரோகிராம் தொடங்கும்போது படிக்கிற மாதிரி வைத்தேன். பத்து நாள் கழித்து அங்கிருந்து போன் வந்தது. நைட் ஷிஃப்டில் மஞ்சள் கண்ணைக் கூசுகிறதாம். கணக்கு பார்க்கும் தம்பியை அந்த ஃபைலை நோட்பேடில் திறக்கச் சொல்லி, மஞ்சள் ஒளிவட்டத்தில் 90 என்று தொடங்கும் நிறத்தில் அந்த 90-ஐ (அதுதான் ஆல்ஃபா) 60 என்று மாற்றச் சொன்னேன். திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டு, "இப்பச் செரியா இருக்குதுங்ணா" என்றான். ஷேடராக இருந்திருந்தால் நான் கம்பைல் செய்து அனுப்பியிருக்க வேண்டும்.

கிரேடியன்டின் குறை தெளிவானது: வட்டம், செவ்வகம் மாதிரி ஒழுங்கான வடிவத்துக்குத்தான் அது ஒத்து வரும். எழுத்துக்கோ லோகோவுக்கோ புடைத்த ஒளி வேண்டுமென்றால் கையால் வரைவது வீண் வேலை. அந்த மாதிரிக்கு ஜாவாவில் திரை எழுதும் கருவித்தொகுப்பான ஜாவாஎஃப்எக்ஸ் நல்லது. அதில் லைட்டிங் என்றே ஓர் எஃபெக்ட் இருக்கிறது. தொலை ஒளி, புள்ளி ஒளி, ஸ்பாட் ஒளி என்று மூன்று வகை. பரப்பின் புடைப்பையும் பளபளப்பின் கூர்மையையும் எண்ணாகக் கொடுக்கலாம். நான் அதில் புழங்கியது ஒரு வாரம்தான், அதுவும் நல்ல கார்டு உள்ள என் லேப்டாப்பில். பஞ்சுத் தூசிக்குள் அது எப்படி ஓடும் என்பதற்கு என் அனுபவம் போதாது.

டிராப்ஷேடோவை நான் அடியோடு விட்டுவிடவும் இல்லை. மெஷின் நின்றதும் மேலெழும் எச்சரிக்கைப் பெட்டிக்கு அதைத்தான் போட்டிருக்கிறேன். ஒரே பெட்டி, அசையாது. எழுத்து இருக்கும் பெட்டிக்கு அதைப் போடாமல், அதே அளவில் எழுத்தில்லாத வெறும் பார்டர் (சட்டம்) ஒன்றைப் பின்னால் வைத்து அதற்குப் போட்டேன். எழுத்தின் கூர்மை குறையவில்லை.