கிட் காருக்கு ஹைட்ராலிக் லிஃப்ட் மாட்டி ஏமாந்தேன்: பணம் கொடுக்கும் முன் ஷாக் அப்சார்பரை அளக்கச் சொல்லுங்கள்

தாழ்வான கிட் கார் (பாகங்களாக வாங்கி நாமே பூட்டும் வண்டி) வைத்திருப்பவர்கள், முன்பக்கத்தைத் தூக்க ஹைட்ராலிக் லிஃப்ட் மாட்டலாம் என்று நினைத்தால், இதைப் படித்துவிட்டு முன்பணம் கொடுங்கள். நான் முழுப் பணத்தையும் கொடுத்த பிறகுதான் இதெல்லாம் தெரிந்துகொண்டேன். பட்டறையின் பெயரை எழுதப் போவதில்லை. ஆனால் என்ன செய்தார்கள் என்பதை ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

என்னுடையது ஃபோர்டு ஜிடி40 வடிவத்தில் நானே நான்கு வருடம் உட்கார்ந்து பூட்டிய வண்டி. குழாய்ச் சட்டம், ஃபைபர் பாடி, சீட்டுக்குப் பின்னால் எஞ்சின். அசல் வண்டியின் உயரம் 40 அங்குலம், பெயரில் உள்ள 40 அதுதான். அந்த வடிவம் வேண்டும் என்றால் அந்தத் தாழ்வும் கூடவே வரும். என் வண்டியின் மூக்கு தரையிலிருந்து 95 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. முன் அச்சிலிருந்து மூக்கு நுனி வரை 900 மி.மீ. கணக்குப் போட்டால் சுமார் 6 பாகை சரிவு வரைதான் தட்டாமல் ஏறும். நான் தினமும் ஏற வேண்டிய சரிவுப்பாதை ஆறுக்கு ஒன்று, அதாவது 9 பாகைக்கு மேல். ஒவ்வொரு முறையும் பலகை போட்டு ஏற்றி, பலகையை எடுத்து வைத்து, அலுத்துவிட்டது.

லிஃப்ட் வேலை செய்யும் விதம் எளிதுதான். ஷாக்கை, அதாவது ஷாக் அப்சார்பரைச் சுற்றி, ஸ்பிரிங் உட்காரும் தட்டுக்கு அடியில், வளையம் போன்ற ஒரு சிலிண்டர் வரும். பம்பு எண்ணெயைத் தள்ளினால் சிலிண்டர் நீளும், ஸ்பிரிங்கைத் தள்ளும், வண்டி எழும். அச்சில் 50 மி.மீ. தூக்கினால் மூக்கு நுனியில் அதைவிட அதிகம் எழும், ஏனென்றால் வண்டி பின்சக்கரத்தை ஊன்றிக்கொண்டு சாய்கிறது. 2400 மி.மீ. வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம்) உள்ள என் வண்டிக்கு அது 69 மி.மீ. அவ்வளவு கிடைத்தால் 10 பாகை தாண்டிவிடும், சரிவு பிரச்சினை தீரும். அதனால்தான் "சக்கரத்தில் 50 மி.மீ. வேண்டும்" என்று தெளிவாகச் சொன்னேன்.

"40 மி.மீ. சிலிண்டர் போடுறேன் தம்பி. 50 என்ன, அதுக்கு மேலேயே வரும்" என்றார் பட்டறைக்காரர்.

"ஷாக்கை அளந்து பார்க்க வேண்டாமா அண்ணே?"

"இந்த மாதிரி எத்தனை வண்டி பார்த்திருக்கேன். நீ விட்டுட்டுப் போ."

விட்டுவிட்டு வந்தேன். அங்கேதான் தப்பு செய்தேன்.

மூன்று வாரம் கழித்து வண்டியை எடுக்கப் போனபோது எனக்கு எதிரிலேயே அளந்து காட்டினார்கள். முதலில் தாழ்ந்த நிலை. அப்போது அவருடைய ஆட்கள் இருவர் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார்கள், சுவிட்சைக் கவனிக்க என்று சொன்னார்கள். பிறகு பம்பை ஓட்டி, இருவரும் இறங்கிய பின் மறுபடி அளந்தார்கள். டேப்பை வைத்த இடம் மூக்கு நுனி. 52 மி.மீ. வித்தியாசம் காட்டியது. "50 கேட்டே, 52 இருக்கு" என்றார். நான் சந்தோஷமாக மீதிப் பணத்தைக் கொடுத்தேன்.

அன்று மாலையே சரிவில் மூக்கு தட்டியது.

சமதரையில் நிறுத்தி, யாரும் உள்ளே இல்லாமல், முன்னும் பின்னும் கொஞ்சம் தள்ளி சஸ்பென்ஷனை அமர விட்டு, சக்கர மையத்துக்கு நேர் மேலே ஃபெண்டர் விளிம்பில் அளந்தேன். 28 மி.மீ. அவ்வளவுதான். இருவர் ஏறி அமுக்கிய அளவும், மூக்கில் வைத்து அளந்ததால் கூடிய அளவும் சேர்ந்துதான் அந்த 52 வந்திருக்கிறது. இது தெரியாமல் நடந்த தப்பு என்று நான் நம்பவில்லை. சக்கரத்தில் 50 என்று பேசிவிட்டு மூக்கில் டேப் வைப்பவருக்கு, தான் என்ன செய்கிறோம் என்று தெரியும்.

ஏன் 28-இல் நின்றது? வண்டி தன் வழக்கமான உயரத்தில் நிற்கும்போது ஷாக் இன்னும் எவ்வளவு நீள முடியும் என்பதுதான் இந்த வேலையின் உயிர். என் ஷாக்கில் அந்த மிச்சம் 18 மி.மீ. என் வண்டியின் விஷ்போன் (சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் கை) அமைப்பில் சக்கரம் 10 மி.மீ. நகர்ந்தால் ஷாக் 6.5 மி.மீ. நகரும். 18-ஐ 0.65-ஆல் வகுத்தால் சுமார் 28. அதற்கு மேல் ஷாக் நீளாது, வண்டி எழாது. சிலிண்டருக்கு இன்னும் 22 மி.மீ. ஓட்டம் பாக்கி இருக்கிறதே, அது எங்கே போகும்? முழுக்க நீண்டு நிற்கும் ஷாக்குக்கு எதிராக ஸ்பிரிங்கை நசுக்கத்தான் போகும். தூக்கிய நிலையில் சஸ்பென்ஷன் கட்டையாகிவிடும். ஷாக்கின் தண்டும் அதன் முனை மூட்டும் ஓயாமல் இழுபட்டுக்கொண்டே இருக்கும். சின்னக் கல் மீது ஏறினாலும் ஸ்டியரிங்கில் 'டக்' என்று கேட்டதற்குக் காரணம் அதுதான். சிலிண்டர் வாங்கும் முன்பே ஐந்து நிமிடத்தில் அளந்திருக்கலாம்: ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைத் தொங்க விட்டு, ஷாக்கின் நீளம் எவ்வளவு கூடுகிறது என்று பார்த்தால் போதும்.

சரி, உயரம்தான் வரவில்லை, மற்றதாவது ஒழுங்காக இருக்கும் என்று சக்கரத்தைக் கழற்றினேன். அங்கே பார்த்ததுதான் எனக்கு உண்மையிலேயே பயத்தைக் கொடுத்தது.

சிலிண்டர் மூடிய நிலையிலும் கொஞ்சம் நீளத்தை எடுத்துக்கொள்ளும். அதற்கு இடம் வேண்டும் என்றால் அதே விறைப்புள்ள, நீளம் குறைந்த ஸ்பிரிங் வாங்கிப் போட வேண்டும். இவர்கள் என் ஸ்பிரிங்கையே கிரைண்டரால் அறுத்திருந்தார்கள். எட்டுச் சுற்று வேலை செய்துகொண்டிருந்த ஸ்பிரிங்கில் இப்போது ஆறு. சுற்று குறைந்தால் விறைப்பு ஏறும், அதே விகிதத்தில், இங்கே மூன்றில் ஒரு பங்கு. அறுத்த முனை தட்டையாக இல்லாமல் தட்டின் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரண்டு சிலிண்டருக்கும் ஒரே குழாயிலிருந்து டி-இணைப்பு, ஒரே வால்வு. தூக்கும்போது ஒரு பக்கம் முழுசாக எழுந்த பிறகே மறுபக்கம் எழத் தொடங்கியதை நான் கவனித்திருந்தேன், காரணம் அப்போது புரியவில்லை. எண்ணெய் எப்போதும் பாரம் குறைந்த பக்கத்துக்குத்தான் முதலில் போகும். அரைகுறையாகத் தூக்கிய நிலையில் திருப்பினால் வெளிப்பக்கச் சிலிண்டரிலிருந்து எண்ணெய் உள்பக்கத்துக்கு ஓடும், முன்பக்க ஸ்பிரிங்குகள் சாய்வைத் தடுக்கவே மாட்டா. ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனி வால்வு இருந்தால் இது நடக்காது.

பம்புக்குப் போன மின்கம்பி 2.5 சதுர மி.மீ. போகவும் வரவும் மொத்தம் 8 மீட்டர். பாரத்தில் பம்பு 40 ஆம்பியர் இழுப்பதை மீட்டரில் பார்த்தேன். அந்தக் கம்பியிலேயே இரண்டு வோல்ட்டுக்கு மேல் போகிறது, 90 வாட் வெறும் சூடாகிறது. ஃபியூஸ் இல்லை, பேட்டரியிலிருந்து நேராக. ஃபைபர் பாடி வண்டியில், பெட்ரோல் டேங்குக்குப் பக்கத்தில்.

எண்ணெய்க் கசிவு மூன்றாவது வாரம் தொடங்கியது. பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுத்தது. இடது சக்கரத்தின் உள்பக்கம் முழுக்க ஈரம், டிஸ்க் மேலும் தெறித்திருந்தது. விஷ்போனில் அடித்திருந்த பெயின்ட் கொப்புளித்து உரிந்திருந்ததைப் பார்த்ததும் சந்தேகம் வந்தது. ஹைட்ராலிக் எண்ணெய் பெயின்டை அப்படிச் செய்யாது, பிரேக் ஆயில் செய்யும். லிஃப்ட் பம்பின் எண்ணெய் டேங்கைத் திறந்து பார்த்தேன், பிரேக் ஆயிலேதான். சிலிண்டரோடு வந்த தாளில் மினரல் ஹைட்ராலிக் எண்ணெய் மட்டும் என்று இருக்கிறது, உள்ளே இருப்பவை நைட்ரைல் சீல்கள். நைட்ரைல் ரப்பர் மினரல் எண்ணெயைத் தாங்கும், கிளைகால் வகை பிரேக் ஆயிலில் ஊறி மெத்தென்று ஆகிவிடும். பிரேக்கில் இருக்கும் ஈபிடிஎம் ரப்பருக்கு நேர் எதிர்: அதற்கு மினரல் எண்ணெய் ஆகாது. இது தெரியாதவர் கையில் பிரேக் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் எந்த வேலையையும் கொடுக்கக் கூடாது.

படங்களோடு போய்க் கேட்டேன். முதலில் ஷாக் மட்டமானது என்றார். அப்புறம் நான் வேகமாக ஓட்டியிருப்பேன் என்றார். அளந்த விதத்தைப் பற்றிக் கேட்டதும் பேச்சு நின்றுவிட்டது. பில்லில் "லிஃப்ட் வேலை" என்று இரண்டே வார்த்தை எழுதியிருந்ததால், 50 மி.மீ. என்று பேசியதற்கு என்னிடம் எழுத்தில் ஒன்றும் இல்லை. பணம் திரும்பி வரவில்லை.

வேறொருவரிடம் கொடுத்து எல்லாவற்றையும் மாற்றினேன். அவர் முதல் நாள் ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடவில்லை. அளந்து, தாளில் எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கினார். அதே உயரத்தில் 35 மி.மீ. நீள மிச்சம் தரும் ஷாக், 32 மி.மீ. சிலிண்டர், சரியான ஸ்பிரிங், பக்கத்துக்கு ஒரு வால்வு, தடித்த கம்பி, பேட்டரி அருகே ஃபியூஸ். ஷாக் நீளமானதால் சக்கரம் முன்பைவிடக் கீழே தொங்கும். அந்த நிலையில் ஸ்டியரிங்கை இரு கோடிக்கும் திருப்பி, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, பால் ஜாயின்ட் முட்டுகிறதா என்று எனக்குக் காட்டினார். ஹோஸ் போதவில்லை, அதையும் மாற்றினார். இப்போது சக்கரத்தில் 49 மி.மீ. எழுகிறது. தூக்கிய நிலையில் டோவும் கேம்பரும் (சக்கரங்கள் பார்க்கும் திசையும் அவற்றின் சாய்வும்) மாறிவிடும் என்பதால் சரிவைத் தாண்டியதும் இறக்கிவிட வேண்டும் என்று எச்சரித்தார், நானும் அப்படியே செய்கிறேன்.

ஏற்கெனவே இப்படி எங்காவது மாட்டியவர்கள் அடுத்த முறை வண்டியை எடுக்கும் முன் முன்சக்கரத்தின் உள்பக்கத்தில் கையை வைத்துப் பாருங்கள். ஈரமாக இருந்தால் வண்டியை எடுக்காதீர்கள். பார்க்கக் கீழே படுப்பதற்கு முன் ஜாக்கியில் ஏற்றி ஸ்டாண்டு கொடுங்கள். லிஃப்ட் தூக்கிப் பிடித்திருக்கிறது என்று நம்பி அடியில் போகாதீர்கள், என் சிலிண்டர் ஒரே இரவில் முழுசாக இறங்கியிருந்தது.